சிறு டிராக்டரின் குதிரைத்திறனும் சுழல் கலப்பையின் அகலமும்

சுழல் கலப்பையின் அகலம் என்பது, அதன் கத்திகள் ஒரே ஓட்டத்தில் கிளறும் மண்பட்டையின் அகலம். ஊர்களில் ரோட்டாவேட்டர் என்றே வழங்கும் இக்கருவி, டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டிலிருந்து சுழற்சியைப் பெறுகிறது. மற்றக் கலப்பைகளை டிராக்டர் சக்கரங்களின் பிடிப்பால் இழுக்கிறது. சுழல் கலப்பையிலோ எஞ்சினின் திறன் பெரும்பாலும் நேரே கத்திகளுக்குப் போகிறது. ஆகவே அகலம் கூடக்கூட, ஏறக்குறைய அதே விகிதத்தில் திறனும் கூட வேண்டும். 15 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டர்களில் மிச்சத் திறன் அதிகம் இருப்பதில்லை என்பதால், அரையடி கூடினாலும் குறைந்தாலும் வேலையில் தெரியும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரை சுற்றுவட்டாரத்தில் அகலத் தேர்வு இன்னும் கூர்மையான கேள்வி. அங்கே ஒரே டிராக்டர் ஏலா என்னும் தாழ்நில வயலின் களிச்சேற்றிலும் மேட்டு விளையின் சரளை மண்ணிலும் மாறி மாறி இறங்க வேண்டும்.

சுழலும் கத்தியால் நிலத்தைக் கிளறும் எண்ணம் நீராவி எஞ்சின் காலத்திலேயே தோன்றியது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கொன்ராட் ஃபொன் மேயன்பர்க் சுருள்வில்போல வளைந்து கொடுக்கும் கொத்திகள் கொண்ட இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று வயல்களில் காணும் வடிவத்துக்கு வழி திறந்தவர் ஆஸ்திரேலியாவின் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட். 1912இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்காண்ட்ராவில், தந்தையின் பண்ணையில், நீராவி டிராக்டரின் சுழற்சியை ஒரு வட்டுக் கலப்பையின் தண்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். மண் இறுகாமல் பொலபொலத்தது. ஆனால் வட்டுகள் அதைப் பக்கவாட்டில் வாரி எறிந்தன. வட்டுகளை விட்டு, சிறிய சுழல்தண்டில் ‘எல்’ வடிவக் கத்திகளைப் பொருத்தியபோது அந்தக் குறை நீங்கியது. 1920இல் காப்புரிமையும், 1922இல் ஆஸ்ட்ரல் ஆட்டோ கல்டிவேட்டர்ஸ் என்ற நிறுவனமும் வந்தன. 1938இல் அவர் இங்கிலாந்துக்குப் போய், எசெக்ஸ் மாவட்டத்தின் ஈஸ்ட் ஹார்ண்டனில் ரோட்டரி ஹோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அகலத்தைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்க முடிவதற்கும் இந்த ‘எல்’ கத்தியே காரணம். ஒவ்வொரு கத்தியும் தனக்குரிய பட்டையை மட்டும் வெட்டுவதால், கத்தி வரிசைகளைக் கூட்டுவதும் குறைப்பதும் நேராகத் திறனைக் கூட்டுவதும் குறைப்பதுமாகிறது.

தென்னிந்தியச் சிறு நிலங்களுக்குச் சுழல் கலப்பை டிராக்டரோடு வரவில்லை. ஜப்பானிய வழியில், பவர் டில்லரோடு வந்தது. 1967இல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் துணையோடும், 1973இல் எர்ணாகுளம் மாவட்டத்து அத்தாணியில் கேரள அரசின் காம்கோ நிறுவனம் குபோட்டாவின் துணையோடும் தொடங்கின. 12 குதிரைத்திறன் எஞ்சினும் சுமார் 60 செ.மீ. கொத்து அகலமும் கொண்ட காம்கோ டில்லரில், அகலமும் திறனும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. வாங்குபவர் யோசிக்க வேண்டியதில்லை. குதிரைத்திறனுக்கு 5 செ.மீ. என்ற அந்த விகிதம் இன்றும் சிறு இயந்திரங்களுக்கு நல்ல அளவுகோல். மினி டிராக்டர் பரவிய பிறகுதான் டிராக்டரை ஒரு கடையிலும் ரோட்டாவேட்டரை இன்னொரு கடையிலும் வாங்கும் நிலை வந்தது. பொருத்தம் பார்க்கும் பொறுப்பு விவசாயியின் தலையில் விழுந்தது.

முதலில் பார்க்க வேண்டியது பானெட்டில் எழுதியிருக்கும் எண் அல்ல, பி.டி.ஓ. திறன். மகிந்திரா யுவராஜ் 215 டிராக்டரின் எஞ்சின் 15 குதிரைத்திறன்; பி.டி.ஓ.வில் கிடைப்பது 11.4. ஜீவோ 245 டிராக்டரில் எஞ்சின் 24, பி.டி.ஓ. 22. எஞ்சின் அளவில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் இருக்கும் வேறுபாடு, கத்திக்குப் போகும் திறனில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் ஆந்திரத்தின் கார்லதின்னேயிலும் உள்ள மத்திய அரசுப் பயிற்சி, சோதனை நிலையங்களின் அறிக்கைகளில் பி.டி.ஓ. திறன் தனியாகத் தரப்படுகிறது. விளம்பரத் தாளைவிட அதையே நம்ப வேண்டும்.

தேவைப்படும் திறன் நான்கின் பெருக்கம்: அகலம், ஆழம், முன்செல்லும் வேகம், ஒரு கனமீட்டர் மண்ணைக் கிளற ஆகும் ஆற்றல். கடைசி எண் ஈரமுள்ள பசைமண்ணில் 100 கிலோஜூல் அளவிலும், இறுகிய மண்ணில் 150க்கு மேலும் இருக்கும் என்று கொள்ளலாம். ஆழம் 10 செ.மீ., வேகம் நொடிக்கு 0.6 மீட்டர், அதாவது மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்றும், பி.டி.ஓ. திறனில் கால் பங்கை நகர்வுக்கும் திடீர்ச் சுமைக்கும் ஒதுக்கியும் கணக்கிட்டால், 11.4 குதிரைத்திறனில், அதாவது 8.5 கிலோவாட்டில், கத்திக்கு 6.4 கிலோவாட் மிஞ்சும். இளகிய மண்ணில் இது ஒரு மீட்டருக்குச் சற்று மேலான அகலத்தைத் தாங்கும். இறுகிய மண்ணில் 70 செ.மீ.யோடு நின்றுவிடும். 22 குதிரைத்திறன் பி.டி.ஓ.வுக்கு, ஆழத்தை 12 செ.மீ.யாக்கி இறுகிய மண்ணிலேயே கணக்கிட்டாலும், ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. சந்தை வழக்கமும் இதையொட்டியதே: எஞ்சின் குதிரைத்திறன் 15 முதல் 20 வரை மூன்றடி, 20 முதல் 25 வரை மூன்றரை அடி, அதற்கு மேல் 30 வரை நான்கடி.

அகலம் அதிகமானால் எஞ்சின் திணறிச் சுழற்சி குறைகிறது. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று என்ற கணக்கில், ரோட்டாவேட்டர் தண்டு ஏறத்தாழ 200 சுற்று சுழலும். ஒரே தடத்தில் மூன்று கத்திகள் இருந்தால், மேற்சொன்ன வேகத்தில் ஒவ்வொரு கொத்துக்கும் 6 செ.மீ. மண் பெயரும். சுழற்சி 150க்கு இறங்கினால் அது 8 செ.மீ. ஆகும், கட்டி பெரிதாகும். ஓட்டுநர் உடனே ஆழத்தைக் குறைப்பார். நான்கடி அகலத்தில் மேலாகச் சுரண்டிய நிலம் உழுததுபோலத் தோன்றும். மரச்சீனி நட மம்மட்டி போட்டால்தான் அடி இறுகிக் கிடப்பது தெரியும்.

ரோட்டாவேட்டர் பின்சக்கரத் தடங்களை மூட வேண்டும் என்ற விதியும் உண்டு. சக்கரங்களின் வெளியகலத்தைவிடக் கருவி குறுகினால், டயர் மிதித்த பட்டை உழாமல் நிற்கும். ஆனால் திறன் விதியோடு இது மோதும்போது திறனுக்கே முதலிடம். சக்கர இடைவெளியைக் குறைக்கலாம். கருவியை ஒருபக்கம் தள்ளிப் பூட்டி, விடுபட்ட தடத்தை அடுத்த ஓட்டத்தில் பிடிக்கலாம்.

எல்லைக் கிராமங்களின் நிலம் இக்கணக்கை மேலும் இறுக்குகிறது. 1956 நவம்பர் 1 முதல் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் விளவங்கோடு சென்னை மாநிலத்திலுமாகப் பிரிந்தாலும், மண் இருபுறமும் ஒன்றுதான்: மேட்டில் செம்மண்ணும் சரளையும், குன்றுகளுக்கிடையே களிமண் ஏலாவும். செங்கல், காரோடு, குளத்தூர், குன்னத்துக்கால் பக்கங்களில் துண்டு நிலங்களே மிகுதி. தண்ணீர் கட்டிய ஏலாவில் தொளி அடிக்கும்போது மண் இளகியிருப்பதால் டிராக்டர் தன் அளவைவிட அரையடி கூடுதலாகவும் சமாளிக்கும். அதே கருவி கோடையில் மேட்டு விளைக்கு ஏறினால் சரளையில் கத்தி தேய்கிறது. தேய்ந்த கத்தி இன்னும் அதிகத் திறன் கேட்கிறது. எனவே இரண்டிலும் உழுபவர் ஏலாவை வைத்து அல்ல, விளையை வைத்தே அகலத்தை முடிவு செய்ய வேண்டும்.

பயிர் இடைவெளியும் சேர்கிறது. ஏத்தன் வாழை இரண்டு மீட்டர் இடைவெளியில் நடப்படுகிறது. மூன்றடிக் கருவி நடுவே போனால் இருபுறமும் அரை மீட்டருக்குமேல் மிஞ்சும், மேலாகப் படரும் வேர் தப்பும். நான்கடியில் அது 40 செ.மீ.யாகச் சுருங்கும். ஏழரை மீட்டர் இடைவெளித் தென்னந்தோப்பில், மரத்தைச் சுற்றிய தடத்துக்கு 1.8 மீட்டர் ஆரம் விட்டால் வரிசைக்கு நடுவே 3.9 மீட்டர் உழ முடியும்: மூன்றடிக்கு ஐந்து ஓட்டம், நான்கடிக்கு நான்கு. ஓர் ஓட்டம் மிச்சமாவதற்காகக் கருவியைப் பெரிதாக்குவதில் பயனில்லை. சரிவான விளையில் ஓட்டம் சரிவுக்குக் குறுக்காகவே அமைய வேண்டும். பொடியாக்கிய மண் மழையில் எளிதில் இறங்கிவிடும்.

மானியத்துக்கும் குதிரைத்திறனே அளவு: 2014-15 முதல் நடைமுறையிலுள்ள மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் துணை இயக்கம், டிராக்டர் கருவிகளை 20 குதிரைத்திறனுக்குக் கீழ், 20 முதல் 35 வரை, அதற்கு மேல் என வகுத்து மானியம் தருகிறது.