காற்புள்ளி

கால் என்றால் நான்கில் ஒன்று. கால் + புள்ளி சேரும்போது லகரம் றகரமாகிக் காற்புள்ளி ஆகிறது. கால், அரை, முக்கால், முற்று என்று நிறுத்தத்தின் அளவையே பெயராக்கிய அருமையான வரிசை இது. ஏட்டுச்சுவடிகளில் இக்குறிகள் இல்லை. ஐரோப்பிய அச்சுமரபோடு வந்தவை. பேச்சில் நாம் சொல்லும் 'கமா' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு வெட்டிய துண்டு என்று பொருள்.

கணினியில் அந்தப் பழைய பொருளே நடக்கிறது. தரவுகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சீ.எஸ்.வி. கோப்பில் காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டு. 'இல. 12, பிரதான வீதி, தெல்தெனிய' என்ற ஒரே முகவரி எக்செலில் மூன்று கட்டங்களாகச் சிதறும். பின்னால் உள்ள தொலைபேசி இலக்கம் இரண்டு கட்டம் தள்ளிப்போகும். முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தால் வெட்டு விழாது. சீ.எஸ்.வி. வடிவத்தை விவரிக்கும், 2005இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 ஆவணம் சொல்லும் முறையும் இதுதான்.

இன்னொரு சேதமும் உண்டு. கண்டிப் பகுதித் தொலைபேசி இலக்கங்களின் 081 என்ற தொடக்கம், எண்ணாக வாசிக்கப்பட்டு 81 ஆகிவிடும். தமிழ் எழுத்தும் குப்பையாகத் தெரியலாம்.

ஆகவே கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செலின் தரவுப் பகுதிக்குள் சென்று இறக்குமதி செய்யுங்கள். தமிழ் எழுத்துக்கு யூ.டி.எஃப்.-8 என்பதையும், தொலைபேசி இலக்க நிரலுக்கு 'உரை' என்பதையும் தெரிவுசெய்யுங்கள். தவறாகத் திறந்துவிட்டால் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால், போன சுழியம் அந்தக் கோப்பில் திரும்ப வராது.