தங்கவயலின் இரு ஆவணங்கள்: ஆங்கில வகுப்பில் ஊர் வரலாறு

கோலார் தங்கவயலில் ஆங்கிலப் பாடத்துக்கு ‘நம் ஊர் வரலாறு’ என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தால் என்ன வந்து சேரும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். சார்ட் தாள், தெர்மோகோலில் வெட்டி ஒட்டிய ஷாஃப்ட் கோபுரம், இணையத்திலிருந்து இறக்கிய ஒரு பக்க ஆங்கிலம். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது, 2001 பிப்ரவரி 28இல் எல்லாம் மூடப்பட்டது என்று அதில் இருக்கும். செய்திகளில் பிழை இல்லை. ஆனால் கொண்டுவந்த மாணவி அதில் ஒரு வாக்கியத்தைக்கூடத் தானாக அமைக்கவில்லை. அவள் தாத்தா அந்த ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்தவர் என்பது அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. 2018இல் வெளியான ‘கே.ஜி.எஃப்’ திரைப்படத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். படத்தின் கற்பனை அடிமை முகாமைத்தான் வெளியூர்க்காரர்கள் இந்த ஊரின் வரலாறாக நம்புகிறார்கள். அதை மறுத்துப் பேச இங்குள்ள பிள்ளைகளிடம் ஆங்கிலமும் இல்லை, சான்றும் இல்லை.

இரண்டையும் ஒரே வேலையில் தரமுடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தங்கவயலின் வரலாறு இரு மொழிகளில் பிரிந்து கிடக்கிறது. நிர்வாகம் எழுதியது ஆங்கிலத்தில். உழைத்தவர்கள் பேசியதும் எழுதியதும் பெரும்பாலும் தமிழில். இவ்விரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் மாணவருக்கு ஆங்கிலத்தில் சொல்வதற்கு ஏதோ ஒன்று பிறக்கிறது. ஆகவே செயல்திட்டத்தை அந்த இடங்களின் மேல் கட்ட வேண்டும். ஆங்கில வகுப்புக்குள் தமிழை ஒளித்துவைக்காமல் அதன் வேலைமொழியாகவே ஏற்க வேண்டும்.

இதற்கான கோட்பாட்டுப் பின்புலத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செயல்திட்ட முறை பற்றிய கில்பாட்ரிக்கின் 1918ஆம் ஆண்டுக் கட்டுரையையே கல்வியியல் பாடநூல்கள் தொடக்கமாகச் சொல்கின்றன. ஆனால் நமக்கு நேரடியாகப் பயன்படும் முன்னோடி, தங்கவயலிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் பிறந்தது. மொழிக்கல்வி அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய ‘பெங்களூரு செயல்திட்டம்’ உலக மொழிக்கல்வியின் போக்கையே மாற்றியது. இலக்கணத்தை வரிசையாகக் கற்பிக்காமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடவைத்தார்கள். பொருளில் மனம் ஈடுபட்டிருக்கும்போது மொழியின் அமைப்பு உள்ளே படியும் என்பது பிரபுவின் துணிபு. பணிகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: தகவல் இடைவெளியை நிரப்புபவை, காரண இடைவெளியை நிரப்புபவை, கருத்து இடைவெளியை நிரப்புபவை. இவற்றில் காரண வகையையே அவர் மேலானதாகக் கருதினார். அதில் விடை சரியா தவறா என்று மாணவரே சோதித்துக்கொள்ள முடியும். கருத்து வகையில் அந்தப் பிடிமானம் இல்லை.

பிரபுவின் தேர்வு வகுப்பறைக்குப் பொருத்தமானது என்றாலும், அதில் ஒரு குறையை நான் காண்கிறேன். கால அட்டவணை யாருடையதும் அல்ல. எந்த ரயிலைப் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகு மாணவருக்கு அதில் அக்கறை தீர்ந்துவிடுகிறது. ஊர் வரலாற்றில் அப்படித் தீராது. அங்கேயும் காரணகாரியத்தால் எட்டவேண்டிய முடிவுகள் உண்டு. சான்று என்ற பிடிமானம் இருப்பதால் கருத்துச் சொல்வதும் வெறும் பேச்சாக முடிவதில்லை. பிரபு தனித்தனியே வைத்த இரண்டும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

ஒரு செயல்திட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தங்கவயல் சுரங்கத்தின் பாறைத்தூள் நுரையீரலில் படிந்து உண்டாக்கிய சிலிக்கோசிஸ் நோய் குறித்து, 1940களில் கேப்லன், பர்டன் என்ற மருத்துவர்கள் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். 43.7 விழுக்காட்டினருக்கு நோய் இருந்ததாக அந்த ஆய்வு பதிவு செய்தது. இந்தியத் தொழில்சார் நோய் ஆய்வுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் எண் அது. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு முதலில் அந்த எண்ணை மட்டும் கொடுங்கள். ஏறத்தாழ எத்தனை பேர் என்று கணக்கிடட்டும். மூவாயிரத்து முந்நூறைத் தாண்டும். பிறகு வீட்டுக்குப் போய், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளில் இருக்கும் பெரியவர்களிடம் தமிழில் கேட்கட்டும்: மூச்சிரைப்புக்கு அப்போது என்ன பெயர் சொன்னார்கள், யார் சோதித்தார்கள், வேலையை விட்டு நின்றபோது கையில் என்ன கொடுத்தார்கள்? மறுவாரம் வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

அந்த ஒரு பக்கத்துக்கு என்னென்ன மொழியமைப்புகள் தேவைப்படுகின்றன என்று பாருங்கள். தாத்தா சொன்னதை அயற்கூற்றில் தரவேண்டும். மருத்துவ அறிக்கை ‘பதிவு செய்கிறது’, தாத்தா ‘நினைவுகூர்கிறார்’, நாங்கள் ‘கருதுகிறோம்’ என்று மூன்று வெவ்வேறு வினைகளை இடமறிந்து பயன்படுத்த வேண்டும். யார் செய்தார் என்பதை மறைக்கும் செயப்பாட்டு வினையை ஆங்கில அறிக்கையில் அடையாளம் கண்டு, மறைந்த எழுவாயைத் தேடவேண்டும். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் துணைவினைகளால் பிரித்துக் காட்ட வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பி மதிப்பெண் வாங்கிய பிறகும் கைவராத இலக்கணம் இதுதான். இங்கே அது தாத்தாவின் பேச்சைத் திரிக்காமல் சொல்லவேண்டும் என்ற பொறுப்பிலிருந்து வருகிறது.

இதே முறையில் ‘ஏர் பிளாஸ்ட்’டையும் எடுக்கலாம். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதற்குத் தங்கவயலில் வழங்கிய பெயர் அது. பொறியாளர்களின் பதிவுகளில் ஆழமும் நேரமும் இருக்கும். மேலே வீட்டிலிருந்த பெண்ணுக்கு அடுக்களைப் பாத்திரங்கள் அதிர்ந்ததும், எந்த ஷாஃப்ட், யாருடைய ஷிஃப்ட் என்ற பதைப்பும்தான் வரலாறு. 1930இல் தொழிலாளரைக் கைரேகையோடு பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது எழுந்த வேலைநிறுத்தம் இன்னொன்று. தங்கத் திருட்டைத் தடுக்கும் நடவடிக்கை என்பது ஒரு பக்கம். எங்களைக் குற்றவாளிகளாக்குகிறார்கள் என்பது மறுபக்கம். மைசூர்ச் சுதேச அரசின் தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்த ஜானகி நாயரின் நூல் ஆசிரியருக்குத் துணை நிற்கும். ஹயவதன ராவ் பதிப்பித்த மைசூர் கெசட்டியரின் ஒரு பத்தியே மாணவருக்குப் போதும்.

இதுவரை சொன்னதிலிருந்து, ஆங்கிலத்தில் எழுத்து, தமிழில் வெறும் வாய்மொழி என்ற எண்ணம் தோன்றிவிடக்கூடாது. வாய்மொழி வரலாற்றில் ஆர்வம் கொண்ட நல்ல ஆசிரியர்கள்கூட இந்தப் பிழையில் விழுகிறார்கள். வடஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய தலித் தொழிலாளர்கள் இங்கே அச்சு இயந்திரத்தையும் வைத்திருந்தார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாச பண்டிதர் 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது அதன் வலுவான வாசகர்களும் புரவலர்களும் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இருந்தார்கள். 1914இல் அவர் மறைந்த பின், 1926இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கியதில் சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரும் பங்கு உண்டு. சுரங்கத்தில் வேலை முடித்து வந்து, கூலியில் ஒரு பங்கைப் பத்திரிகைக்குக் கொடுத்து, பௌத்தத்தையும் சாதி ஒழிப்பையும் பற்றி அச்சில் வாதிட்ட சமூகம் இது. அதன் பேரப்பிள்ளைகளை ‘முதல் தலைமுறைக் கற்போர்’ என்ற படிவக் கட்டத்துக்குள் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய ‘தமிழன்’ இதழின் ஒரு சிறு செய்தியை ஆங்கிலத்தில் பெயர்த்து, யார், எங்கே, ஏன் என்று இரண்டு குறிப்புகள் எழுதுவது பத்தாம் வகுப்புக்கு முற்றிலும் ஏற்ற பணி. அந்த ஆங்கிலத்துக்கு உண்மையான வாசகர்களும் இருக்கிறார்கள்: பெங்களூரு, டெல்லி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசரைப் படிப்போர்.

எதிர்வாதங்களில் வலுவானது நேரம் பற்றியது. வாரத்துக்கு இத்தனை ஆங்கிலப் பாடவேளை. அதில் பாதியைத் தமிழ் நேர்காணலுக்குக் கொடுத்தால் ஆங்கிலம் எப்போது? தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் இதைக் கேட்கிறார்கள். ஊரில் வேலை இல்லாமல் போனதை வாழ்ந்து அறிந்தவர்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் பிழைப்பு. அவர்களுக்குச் சொல்லும் பதில் கொள்கை முழக்கமாக இருக்கக்கூடாது. நேர்காணல் பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கிறது. வகுப்பில் நடப்பது படிப்பும் எழுத்தும் திருத்தமும். ஒரே பக்கத்தை மூன்று முறை திருத்தி எழுதும் மாணவி, ஒரு பருவத்தில் மனப்பாடம் செய்த பத்துக் கட்டுரைகளைவிட அதிக ஆங்கிலத்தைக் கையாள்கிறாள். நேர்முகத் தேர்வில் ‘உன் ஊரைப் பற்றிச் சொல்’ என்று கேட்டால் அவளிடம் சொந்தமாகச் சொல்ல இருக்கும். பன்மொழித்தன்மையை வகுப்பறையின் வளமாகப் பார்க்கச் சொன்னது 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு. அந்த அனுமதியை ஆங்கில ஆசிரியர்கள் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். வகுப்பில் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். சுற்றுக் கிராமங்களின் நினைவு அவர்கள் வழியாக வரும், முறை மாறாது.

சில எல்லைகள் கட்டாயம். நோயையும் சாதியையும் தொழிலாளருக்கு வரவேண்டிய நிலுவைத் தொகையையும் பற்றிக் கேட்கும்போது, பேசாமலிருக்கும் உரிமை பெரியவருக்கு உண்டு என்பதை மாணவர் முதலில் கற்க வேண்டும். தன் வீட்டுத் துயரத்தை மதிப்பெண்ணுக்காகக் கொண்டுவர எந்தப் பிள்ளையும் கட்டாயப்படுத்தப்படக்கூடாது. விருப்பமில்லாதவர் தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேட்டையோ, 1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவானதையோ எடுத்துக்கொள்ளலாம்.

காலமும் குறுகிக்கொண்டே வருகிறது. மூடும்போது முப்பது வயதாக இருந்தவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றதை வேலையாளாகப் பார்த்தவர்களில் வெகுசிலரே எஞ்சியிருக்கக்கூடும். எனவே பள்ளிகள் இந்த ஆண்டே தொடங்கலாம்: ஒரு வகுப்பு, ஒரு கேள்வி, நான்கைந்து பெரியவர்கள். எழுதி முடித்த ஆங்கிலப் பக்கமும் அதன் தமிழ் மூலமும் பள்ளி நூலகத்தில் ஒன்றாகக் கட்டி வைக்கப்படட்டும். இன்னொரு படியைப் பேட்டி கொடுத்தவரின் வீட்டுக்குக் கொண்டுபோய், அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் திருத்தம் சொன்னால் ஆங்கிலத்திலும் அதைச் சேர்த்த பிறகே மதிப்பெண் போடப்படட்டும்.