உல்ரிக்ஸ் வரலாறும் பெருமிதப் பொருளும்

தன்பாலீர்ப்புடையோர் தம் இயல்பைப் பலரறிய உரைத்து, அதனைப் பெருமிதம் எனவும் வழங்குவதைச் செருக்கென்பார் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸின் (1825–1895) வரலாறு கொண்டு ஆராய்வோம்.

ஆடவரிடைக் காதலும் இயற்கையே என நிறுவும் சிறு நூல்களை 1864 முதல் இவர் புனைபெயரில் வெளியிட்டார். பிரஷ்யச் சட்டம் அவ்வுறவைக் குற்றமெனக் கொண்டு ஒறுத்த காலம் அது. 1867 ஆகஸ்ட் 29 அன்று மியூனிக் நகரில், 500-க்கு மேற்பட்ட சட்ட அறிஞர் கூடிய அவையில் எழுந்து, அத்தகைய சட்டங்களை நீக்க வேண்டும் என உரைக்கத் தொடங்கினார். அவையில் கூச்சல் எழுந்தது, உரை முற்றுப்பெறவில்லை. ஆயினும் மறு ஆண்டே தம் இயற்பெயரில் நூல் வெளியிட்டார். அன்று அவைமுன் நின்றதைத் தமக்குப் பெருமையென்றே எழுதினார்.

அவர் வேண்டியது அவர் காலத்தில் நிறைவேறவில்லை. ஒறுக்கும் விதி ஜெர்மானியப் பேரரசு முழுமைக்கும் 175ஆம் பிரிவாகப் பரவியது. 1994-இல்தான் முற்றும் நீங்கியது. ஆதலின் அவர் கொண்ட பெருமை வெற்றியால் வந்ததன்று.

தொல்காப்பியர் பெருமிதம் தோன்றும் களன்கள் நான்கனுள் தறுகணையும் ஒன்றாக வைத்தார். அஞ்சத்தக்கதன்முன் அஞ்சாமையே தறுகண். உல்ரிக்ஸின் பெருமிதம் இதன்பாற்படும். 1970 முதல் அமெரிக்க நகரங்களில் நிகழ்ந்துவரும் பெருமித ஊர்வலங்களையும் இப்பொருளிற் கொள்வதே தகும் என்பது எம் கருத்து.