விட்டத்தில் தொங்கிய உடல்: 1919ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்பும் வீட்டுக்குள் நிகழ்ந்த கொலைகளும்

புகுந்த வீட்டில் ஒரு பெண் இறந்துபோனால், அவள் நாண்டுகொண்டு செத்தாள் என்று அண்டை அயலாருக்குச் சொல்லி, பிறந்த வீட்டார் வந்து சேர்வதற்குள் அடக்கத்துக்கான வேலைகளைத் தொடங்கிவிடும் வழக்கம் தென்னிந்திய ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் இருந்துவந்தது. அடித்துக் கொன்ற பின் உடலைக் கயிற்றில் ஏற்றித் தற்கொலையாகக் காட்டுவது இந்த வழக்கத்தின் மறைவில் நடந்த குற்றம். அதைச் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அறிய, சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1919இல் தீர்த்த பழனிக் கவுண்டன் வழக்கைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னைத் தொகுதி 42இல் பதிவான இத்தீர்ப்பு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குற்றவியல் சட்டம் பயிலும் ஒவ்வொருவரும் படிக்கும் பாடமாக நிலைத்திருக்கிறது.

வழக்கின் நிகழ்வுகள் சுருக்கமானவை. கணவன் தன் மனைவியின் தலையில் ஏர்க்கொழுவால், அதாவது கலப்பையின் நுனியில் மண்ணைக் கிழிக்கும் இரும்பால், ஓங்கி அடித்தான். அவள் நினைவிழந்து வீழ்ந்தாள். இறந்துவிட்டாள் என்று நம்பிய அவன், பழி தன்மேல் வராதிருக்கவும், அவளே தூக்கிட்டுக்கொண்டாள் என்று பின்னர் சொல்லவும், வீட்டின் விட்டத்தில் கயிறு கட்டி அவளைத் தொங்கவிட்டான். மருத்துவச் சான்றோ, தலையில் விழுந்த அடி உயிரைப் போக்கக்கூடியதன்று என்றும், கழுத்து இறுகி மூச்சு முட்டியதே சாவுக்குக் காரணம் என்றும் காட்டியது. அடித்தபோது அவன் கொல்ல எண்ணவில்லை. அவள் உண்மையில் இறந்த தருணத்திலோ, தான் ஒரு பிணத்தையே தூக்குவதாக அவன் எண்ணியிருந்தான்.

கொலைக் குற்றவாளி என்று கீழ் நீதிமன்றம் தீர்மானித்த அந்த மனிதன் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299, 300ஆம் பிரிவுகள் விவாதத்தின் நடுவே நின்றன. முன்னது மரணம் விளைவிக்கும் குற்றத்தையும், பின்னது அதன் கொடிய வடிவமான கொலையையும் வரையறுத்தவை. இரண்டும் செயலோடு சேர்த்து மனத்தையும் கேட்டவை. சாவை விளைவிக்கும் எண்ணமோ, சாவை விளைவிக்கத்தக்க காயத்தை உண்டாக்கும் எண்ணமோ, செயலால் சாவு நேரக்கூடும் என்ற அறிவோ இருந்தாலன்றி அக்குற்றம் அமையாது. தலைமை நீதிபதி சர் ஜான் வாலிஸ் தலைமையிலான முழு அமர்வு, ஒருவனது எண்ணத்தை உண்மையில் இருந்த நிலைமையைக் கொண்டு அளக்காமல், அவன் இருப்பதாகக் கருதிய நிலைமையைக் கொண்டே அளக்க வேண்டும் என்று கொண்டது. பிணம் என்று நம்பப்பட்ட ஒன்றைக் கொல்லும் எண்ணம் எவனுக்கும் இருக்க முடியாது என்பதால், கொலையும் இல்லை, கொலையாகாத மரணம் விளைவித்தலும் இல்லை என்று முடிவாயிற்று. முதலில் அடித்த அடிக்காகவும், பொய்ச் சான்று உண்டாக்க முயன்றதற்காகவும் மட்டுமே அவனைத் தண்டிக்கலாம் என்ற நிலையில், ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்த குற்றமே அவன்மேல் நின்றது.

இங்கே நின்று நோக்க வேண்டிய ஒன்று உண்டு. தூக்கில் தொங்கும் உடலை ஆராயும் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, இவ்வுடல் உயிரோடு இருக்கையில் தொங்கியதா, இறந்தபின் தொங்கவிடப்பட்டதா என்பதே. கழுத்தில் கயிறு பதிந்த தடம் சாய்வாக மேலேறுகிறதா, கடைவாயிலிருந்து எச்சில் வழிந்த சுவடு உண்டா என்பன போன்ற அடையாளங்களால் இறந்தபின் தொங்கவிட்ட உடலைக் கண்டறிந்து, தற்கொலை என்ற பொய்யை உடைப்பதே பிரேதப் பரிசோதனையின் பெரும் பயன். பழனிக் கவுண்டன் வழக்கில் அதே பரிசோதனை எதிர்த்திசையில் பயன்பட்டது. அவள் தொங்கும்போது உயிரோடு இருந்தாள் என்ற உண்மை, கொலையினும் கொடிதாகத் தோன்ற வேண்டிய அந்த உண்மை, அடியையும் சாவையும் தனித்தனியே பிரித்து, கொலைக் குற்றத்திலிருந்து கணவனை விடுவித்தது. அடித்த அடியிலேயே அவள் இறந்திருந்தால் அவன் நிலை இதனினும் மோசமாக இருந்திருக்கலாம்.

இத்தகைய வழக்குகளில் இது முதலாவதும் அன்று. 1890இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கண்டு என்பவனது வழக்கில், மாமனாரைக் கொல்லும் எண்ணத்துடன் தலையில் தடியால் அடித்த மருமகன், அவர் இறந்தார் என்று நம்பிக் குடிசைக்குத் தீவைக்க, அவர் தீயில் இறந்தார். அது கொலை முயற்சி என்ற அளவிலேயே தண்டிக்கப்பட்டது. 1914இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்த்த தாலு சர்தார் வழக்கு ஏறத்தாழ முழுதும் பழனிக் கவுண்டன் வழக்கையே ஒத்தது: உதைபட்டு மயங்கிய மனைவியை இறந்தவள் என்று கருதிக் கயிற்றில் தொங்கவிட்ட கணவன், கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்கே தண்டனை பெற்றான். பழனிக் கவுண்டனின் கொங்கு நாடும் தாலு சர்தாரின் வங்கமும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் இரண்டிலும் கணவன்மார் பதற்றத்தில் ஒரே பொய்யை நாடினர் என்றால், மனைவி தூக்கிட்டுக்கொண்டாள் என்ற கதையை ஊர் எளிதில் நம்பும் என்று இருவரும் அறிந்திருந்தனர் என்பதே பொருள்.

பின்வந்த தீர்ப்புகள் 1919இன் விதியை மறுக்காமல் அதற்கு வேலி கட்டின. 1933இல் காளியப்பக் கவுண்டன் வழக்கிலும், 1943இல் தவமணி வழக்கிலும், தொடக்கத்திலேயே கொல்லும் எண்ணம் இருந்தால், தாக்கியதும் உடலை மறைத்ததும் ஒரே செயலின் இரு பகுதிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் கொண்டு, கொலைக் குற்றத்தை உறுதிசெய்தது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் மலைநாடான பசுட்டோலாந்தில் எழுந்த தாபோ மெலி வழக்கிலும், 1954இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதே முடிவுக்கு வந்தது. திட்டமிட்டு ஒருவனை அடித்து, இறந்தான் என்று நம்பிப் பாறைச் சரிவிலிருந்து உருட்டிவிட்டவர்கள், அவன் பின்னர் குளிரில் கிடந்து இறந்த காரணத்தால் தப்ப முடியாது என்றது அம்மன்றம்.

எண்ணம் இன்றிக் குற்றம் இல்லை என்ற நெறியைக் காத்தது என்ற அளவில் 1919ஆம் ஆண்டுத் தீர்ப்பு சட்டப்படி சரியானதே. அந்நெறி தளர்ந்தால் எளியவரே முதலில் பாதிக்கப்படுவர். ஆனால் அது நிறைவான தீர்ப்பு அன்று. தன் அடியால் வீழ்ந்தவளின் மூக்கருகே கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்காமல், மருத்துவரையோ அயலாரையோ அழைக்காமல், உடனே கயிற்றைத் தேடியவனின் நம்பிக்கை எவ்வளவு கவனத்தோடு உண்டான நம்பிக்கை என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அசட்டையால் சாவு விளைவிப்பதைத் தண்டிக்கும் 304ஏ பிரிவு 1870 முதலே சட்டத்தில் இருந்தது. பாடநூல்களின் சுருக்கங்களில் அந்தப் பெண் பெரும்பாலும் மனைவி என்ற உறவால் மட்டுமே சுட்டப்படுகிறாள்; அவளை அடித்தவன் பெயர் ஒரு சட்டக் கொள்கையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

நீதிமன்றம் வரை வந்தது ஒரு வழக்கு. வராதவையே மிகுதி என்று கருத இடமுண்டு. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஐயத்துக்குரிய சாவை அறிவிக்கும் கடமை ஊர் மணியக்காரரிடம் இருந்தது. காவல் அதிகாரி ஊரார் இருவர் அல்லது பலர் முன்னிலையில் பிரேத விசாரணை செய்தார். ஆனால் அப்படி முன்னிலையில் இருந்த பஞ்சாயத்தார் பெரும்பாலும் கணவன் ஊரினர். இறந்தவளோ வேற்றூரிலிருந்து வாழ வந்தவள். உடலை மருத்துவருக்கு அனுப்புவதற்கும், வழியில் அழுகிவிடாதபடி தட்பவெப்பமும் தொலைவும் இடந்தர வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

இந்நிபந்தனையின் கனத்தைத் திருவிதாங்கூரின் உடும்பஞ்சோலை போன்ற மலைநாட்டில்தான் முழுதும் உணர முடியும். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஏறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, பெண்ணின் பிறந்த வீடு மலைக்குக் கீழே சென்னை மாகாணத்திலும், புகுந்த வீடு மேலே திருவிதாங்கூர் அரசின் எல்லையிலும் இருந்தது. திருவிதாங்கூர், இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றித் தனக்கெனச் சட்டம் வகுத்திருந்தது. 1944இல் மரண தண்டனையையும் நீக்கியது. 1951இல் இந்தியத் தண்டனைச் சட்டமே அங்கும் நடைமுறைக்கு வந்தபின்தான் மலையின் இருபுறமும் ஒரே சட்டம் நிலவியது. தோட்டத்து லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளில், வேலை போனால் வீடும் போகும் என்பதால், அடிபடும் பெண்ணோ, கண்ட அயலாளோ வாய் திறப்பது ஊர்ப்புறத்தைவிடவும் கடினமாக இருந்தது.

மாற்றம் வர 1919இலிருந்து அறுபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. 1983இல் வந்த திருத்தம், கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமையை 498ஏ பிரிவால் தனிக் குற்றமாக்கியதோடு, மணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, ஐயத்துக்குரிய வகையில் இறந்தாலோ உடலைப் பரிசோதனைக்கு அனுப்புவதையும், நிர்வாக நடுவர் விசாரிப்பதையும் கட்டாயமாக்கியது. நாளேடுகளில் ஆர்.டி.ஓ. விசாரணை என்று இன்று அன்றாடம் படிக்கும் சொற்றொடர், வருவாய்க் கோட்டாட்சியர் நடத்தும் இவ்விசாரணையையே குறிக்கிறது. ஊராரின் வாக்குமூலம் மட்டும் போதாது என்று சட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட இடம் இதுதான். 1986இல் வரதட்சிணைச் சாவு 304பி பிரிவாகச் சேர்ந்தது. சாவுக்குச் சற்று முன் வரதட்சிணைக் கொடுமை நடந்தது மெய்ப்பிக்கப்பட்டால், அச்சாவுக்கு அக்கொடுமை செய்தவரே காரணம் என்ற அனுமானமும் சான்றுச் சட்டத்தில் இடம்பெற்றது. 2006இல் திரிமுக் மாரோதி கிர்க்கன் வழக்கில், பாம்பு கடித்ததாகப் பெற்றோருக்குச் சொல்லப்பட்ட பெண் உண்மையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டிருந்தாள் என்று கண்ட உச்ச நீதிமன்றம், நான்கு சுவருக்குள் நிகழ்ந்த சாவுக்கு அவ்வீட்டில் இருந்தவர் விளக்கம் தரக் கடமைப்பட்டவர் என்றது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவும் இவ்விதிகளைத் தொடர்கிறது. ஏழு ஆண்டு வரம்பைக் கண்டு, எட்டாம் ஆண்டில் மகளை இழந்த பெற்றோர் வழியில்லை என்று திரும்பிவிடக்கூடும். ஆனால் சாவின் காரணத்தில் ஐயம் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற உட்பிரிவுக்கு ஆண்டு வரம்பே இல்லை. ஆகவே, ஐயம் உள்ள உறவினர் எவரும், மலைக்கு மேலே ஆயினும் கீழே ஆயினும், உடலை எரிக்கவோ புதைக்கவோ ஒப்புவதற்கு முன் அந்த ஐயத்தை எழுத்தில் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும்.