கயிற்றால் தைத்த கப்பல்கள்

2010-ஆம் ஆண்டு ஓமானிலிருந்து புறப்பட்ட 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' என்ற பாய்மரக் கப்பல் கொச்சி, காலி வழியாகப் பினாங்கு வந்து, ஜூலை மாதம் சிங்கப்பூரைச் சென்றடைந்தது. 9-ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய ஒரு கப்பலின் மாதிரி அது. அதன் பலகைகளை இணைத்தது ஆணியல்ல, தென்னை நார்க்கயிறு.

கடாரத்தை 1025-இல் ராஜேந்திர சோழன் வென்றதைப் பெருமையாகப் பேசுவோர் கெடாவில் ஏராளம். கப்பல் கட்டிய தச்சரையும் கயிறு திரித்த கைகளையும் யாரும் பேசுவதில்லை.

சென்னைக் கடற்கரையில் ஓடிய மசூலா படகும் இந்த இனம்தான். 1870-களில் துறைமுக வேலை தொடங்கும் வரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். ஆட்களும் சரக்கும் மசூலாவில்தான் கரையேற வேண்டும். வெள்ளைக்காரரின் கப்பல் படகுகள் அந்த அலையில் உடைந்தன. மசூலாவில் உள்விலா கிடையாது. இடுக்குகளில் வைக்கோல் திணித்துக் கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதினால் உடல் வளைந்து கொடுக்கும், உடையாது.

தென்னை நார் உப்புநீரைத் தாங்கக் காரணம், அதில் மிகுதியாக உள்ள லிக்னின் என்னும் பொருள். மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அடித்து நார் எடுப்பார்கள். ஆனாலும் தையல் நாளடைவில் இற்றுப்போகும். பிரித்து மறுபடி தைக்க வேண்டும். கண்ணாடி நார்ப் படகுக்கு அந்தத் தொல்லையில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரைகளில் நிவாரணமாக அதுவே குவிந்தது. பழசானால் எரிக்கவும் முடியாது, மக்கவும் மக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

பாடாங் மேஹா வட்டாரத் தோட்டப்புறத்தாருக்குச் செம்பனை வெறுங்குலை புதிதல்ல. 100 டன் குலையை ஆலையில் போட்டால் 20 டன்னுக்கு மேல் வெறுங்குலையாக வெளிவரும். அந்த நாரைப் பிசினில் கலந்து பலகை வார்க்கும் ஆய்வுகள் மலேசியாவில் பல்லாண்டாக நடக்கின்றன. கடல்நீர்தான் சிக்கல். நார் நீரை உறிஞ்சி ஊதும், பிசினை விட்டுப் பிரியும். காஸ்டிக் சோடாவில் கழுவினால் பிடிப்பு கூடுகிறது. ஊறுவது முற்றாக நிற்பதில்லை. பிசினும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே படகின் இருக்கைக்கும் உட்பலகைக்கும் இது சரிவரும். நீருக்குள் கிடக்கும் அடிப்பாகத்தை இதனிடம் ஒப்படைக்கத் தயக்கம் இருக்கிறது.