மச்சு பிச்சுவுக்குப் போகாமலே ஒரு இன்கா பயணம்

பட்டிப்பொல ஸ்டேஷனில் கோச்சி நின்றால் முதலில் கண்ணில் படுவது பைகள்தான். ஆளைவிடப் பெரிய பைகள். அதற்குப் பிறகுதான் அதைச் சுமந்து வருகிற ஆள் தெரியும். ஹோர்ட்டன் சமவெளிக்கும் உலக முடிவுக்கும் போகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள். பெரும்பாலும் எங்கள் வயசுதான்.

அப்படி வந்த ஒரு பெண் தேத்தண்ணிக் கடையில் எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தாள். இங்கே வருவதற்கு முன்னால் பெரு நாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு சுற்றினாளாம். குஸ்கோ, ஒல்லாந்தாய்தம்போ, மச்சு பிச்சு என்று போனில் படம் படமாகக் காட்டினாள். மேகத்துக்குள்ளே கல் வீடுகள், படிப்படியாக வெட்டின மலைச்சரிவு. "நம்ம தோட்டம் மாதிரியே இருக்கே"ன்னு எங்களில் ஒருத்தன் சொன்னான். அவள் சிரித்துவிட்டு, இந்தப் பக்கமும் இப்படிப் பழைய இடிபாடுகள் ஏதாவது இருக்கா என்று கேட்டாள்.

"இல்ல"ன்னு சொன்னோம். அவள் போய்விட்டாள்.

அந்தப் பதில் எங்களை விடவில்லை. நாங்கள் சொன்னது சரிதானா என்று தேடிப் படித்ததில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

கண்டுபிடித்தவர் யார்?

மச்சு பிச்சு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம பிதுருதலாகல 2,524 மீட்டர். அதாவது, உலகமே ஏறிப் பார்க்கிற அந்த ஊரைவிட நம்ம மலை உயரம்! பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீட்டர்.

அந்த ஊர் 15ஆம் நூற்றாண்டில், பச்சாகுத்தி என்ற இன்கா மன்னரின் காலத்தில் கட்டப்பட்டது. சுண்ணாம்பு இல்லை, சிமெந்து இல்லை. கல்லைக் கல்லோடு இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். குஸ்கோ நகரில் இன்காக்களின் சூரியக் கோவில் சுவர்களுக்கு மேல் ஸ்பானியர்கள் தங்கள் தேவாலயத்தைக் கட்டினார்கள். 1950இல் பூமி அதிர்ந்தபோது தேவாலயம் சேதமானது. அடியில் இருந்த இன்கா சுவர் அசையாமல் நின்றது.

இவ்வளவும் கட்டியது யார்? மன்னர் பெயர் நமக்குத் தெரியும். கல் சுமந்தவர் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. இன்கா ஆட்சியில் 'மித்தா' என்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு ஊரும் வரிக்குப் பதிலாக முறை வைத்து ஆட்களை வேலைக்கு அனுப்ப வேண்டும். இன்காக்களிடம் எழுத்து இல்லை. கயிறுகளில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். அதன் பெயர் 'கிப்பு'. எத்தனை மூட்டை சோளம், எத்தனை ஆள் என்று முடிச்சு சொல்லும். அந்த ஆளுக்கு முதுகு வலித்ததா என்று சொல்லாது.

1911 ஜூலை 24இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹைரம் பிங்கம் மச்சு பிச்சுவை 'கண்டுபிடித்தார்' என்று பல புத்தகங்களில் இருக்கும். உண்மையில் அவருக்கு வழி காட்டியவர் மெல்சோர் ஆர்தியாகா என்ற உள்ளூர் விவசாயி. கூலி ஒரு வெள்ளிக் காசு. மேலே ஏறிப் போனால் அங்கே குடும்பங்கள் பயிர் செய்துகொண்டு இருந்தன! வந்தவருக்குத் தண்ணீரும் வத்தாளங்கிழங்கும் கொடுத்து, ஒரு சின்னப் பையனைத் துணைக்கு அனுப்பினார்கள். அந்தப் பையன்தான் இடிபாடுகளுக்குள் கூட்டிப்போனான். அதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே, 1902இல், அகுஸ்தின் லிசாராகா என்ற உள்ளூர்க்காரர் அங்கே சுவரில் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்கம் அதையும் பார்த்தார். ஆனாலும் பேர் யாருக்குப் போனது? அங்கிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பொருட்களைத் திரும்ப வாங்க பெரு நாட்டுக்கு நூறு வருஷம் எடுத்தது. 2010இல்தான் உடன்பாடு வந்தது.

ஆள் குடியிருக்கிற இடத்தையே 'கண்டுபிடிக்கலாம்' என்றால், அங்கே குடியிருக்கிறவரை ஆளாகக் கணக்கெடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்தக் கதை மலையகப் பிள்ளைகளுக்குப் புதுசில்லை. காட்டை அழித்துத் தோட்டம் போட்டதாக வரலாற்றில் இருப்பது துரைமார் பெயர். கத்தி பிடித்தது யார் கை?

அப்பாயி சொன்ன கெச்சுவாச் சொல்

எங்கள் அப்பாயிமார் காய்ச்சல் மருந்தைக் 'கொய்னா' என்பார்கள். ஏதாவது கசந்தால் "கொய்னா மாதிரி கசக்குது"ன்னு சொல்லுவார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆங்கிலத்தில் குவினைன். அதற்கு மூலம் 'கினா'. மரப்பட்டையைக் குறிக்கிற கெச்சுவாச் சொல். கெச்சுவா இன்காக்களின் மொழி. எங்கள் லயத்தில் ஒரு இன்காச் சொல் தலைமுறைகளாக இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

சிங்கோனா அந்தீஸ் மலைச்சரிவுகளில் வளரும் மரம். அதன் பட்டை காய்ச்சலுக்கு மருந்து என்று அந்த மலை மக்களிடமிருந்துதான் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் அறிந்துகொண்டார்கள். ஆனால் 1742இல் லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்தபோது, சிஞ்சோன் என்ற ஸ்பானியச் சீமாட்டியின் பெயரை வைத்தார். அந்தப் பட்டையால் அவள் காய்ச்சல் சுகமானது என்று ஒரு கதை. அது வெறும் கட்டுக்கதை என்று பிறகு ஆய்வாளர்கள் சொன்னார்கள். மரத்தைக் காட்டிக் கொடுத்தவருக்குப் பேர் இல்லை, சாப்பிடாத சீமாட்டிக்குப் பேர்.

1820இல் பாரிசில் அந்தப் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு அப்போது இருந்த ஒரே உறுதியான மருந்து. வெப்ப நாடுகளில் பட்டாளம் வைத்து ஆள நினைத்த எந்த அரசுக்கும் அது தேவைப்பட்டது. மரமோ அந்தீஸில் மட்டும்தான்.

இங்கேதான் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் வருகிறார். 1850களின் தொடக்கத்தில் இளைஞராக அவர் பெரு முழுக்கச் சுற்றினார். குஸ்கோ இடிபாடுகளைப் பார்த்து 1856இல் புத்தகம் எழுதினார். இன்காக்கள் மேல் உண்மையான ஆசை. கெச்சுவா படித்தார். இன்றைய பேக்பேக்கர்களுக்கு அவர் ஒரு முன்னோடி என்றே சொல்லலாம். அதே மார்க்கம்தான் 1860இல் பிரிட்டிஷ் அரசின் செலவில் திரும்பிப் போனார், சிங்கோனாவை எடுத்துவர. உள்ளூர் அதிகாரிகள் எதிர்த்தார்கள். ஒருவழியாக அவர் கொண்டுவந்த கன்றுகள் வழியிலேயே பட்டுப்போயின. ஆனால் அவரது ஏற்பாட்டில் ஈக்குவடோரில் தேடிய ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் ராபர்ட் கிராஸும் சேர்த்த சிவப்புப்பட்டை வகை தப்பிப் பிழைத்து நீலகிரிக்கு வந்தது. நீலகிரி நடுவட்டத்தில் அந்தத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளையும் பயன்படுத்தினார்கள்.

இலங்கையில் எங்கே நட்டார்கள்? எங்கள் பக்கத்தில். 1861இல் ஹக்கலவில். இன்று ரோசாப்பூ பார்க்கப் பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலா போகிறார்களே, அந்தப் பூங்கா ஆரம்பித்ததே சிங்கோனா நடுவதற்காகத்தான்.

பட்டை உரித்த காலம்

முதலில் தோட்டத் துரைமார் அதைக் கண்டுகொள்ளவில்லை. கோப்பியில் பணம் கொட்டியது. 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் தெரிந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி படுத்துவிட்டது. கோப்பி போய் தேயிலை வந்தது என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நடுவில் ஒரு சிங்கோனாக் காலம் இருந்தது. 1880களின் நடுவில் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி இறாத்தலளவு பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியானது. பட்டையை உரித்தது, காயவைத்தது, மூட்டை கட்டியது எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள்.

எல்லாரும் ஒரேயடியாக விற்றதில் விலை சரிந்தது. அதோடு ஜாவாவில் டச்சுக்காரரிடம் இதைவிட நல்ல ரகம் இருந்தது. அந்த விதையைப் பொலிவியாவில் சேகரித்தவர் மானுவல் இன்க்ரா மாமானி என்ற ஐமாரா இனத்தவர். எந்த மரத்தில் கசப்பு அதிகம் என்று பார்த்ததும் சொல்லக்கூடியவர். 1865இல் அவர் கொண்டுவந்து கொடுத்த விதையை சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரி விற்றார். மறுபடி விதை எடுக்கப் போனபோது மாமானியைப் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள். 1871இல் இறந்துபோனார். மரத்துக்கு வைத்த பெயர்: சிங்கோனா லெட்ஜெரியானா.

கதை அதோடு முடியவில்லை. 1934-35இல் இலங்கையில் மலேரியா பரவி ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே பட்டை விற்ற தீவு, தன் சனத்துக்கு மருந்தை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அப்போது மருந்தும் சாப்பாடும் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தவர்களில் சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் இருந்தார்கள்.

எங்கள் இடிபாடுகளில் ஆள் இருக்கிறார்கள்

இன்னொரு அந்தீஸ் விருந்தாளி எங்கள் சட்டியிலேயே இருக்கிறது: உருளைக்கிழங்கு. பட்டிப்பொலயைச் சுற்றி விளைகிறதும் அதுதான். தை, மாசியில் விடியக்காலம் உறைபனி விழுந்தால் கிழங்குச்செடி கருகிப்போய்விடும் என்று இங்கே எல்லாருக்கும் பயம். அந்தீஸ் மக்கள் அதே உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகலில் வெயில் காட்டி, காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்து, வருஷக்கணக்கில் கெடாத 'சூனோ'வாக மாற்றினார்கள். குளிரோடு வாழப் பழகின சனத்தின் அறிவு அது. அதற்கு யாரும் சிலை வைக்கவில்லை.

சரி, இங்கே இடிபாடுகள் இருக்கா? இப்போது நாங்கள் வேற பதில் சொல்லுவோம்.

கோச்சிப் பாதையையே எடுங்கள். 1885இல் நானுஓயா வரை, 1893இல் அப்புத்தளை வரை, 1924இல் பதுளை வரை வந்தது. பட்டிப்பொலயைத் தாண்டினால் 1,898 மீட்டரில் உச்சி, பிறகு சுரங்கம். உள்ளே போகும்போது மழை, வெளியே வந்தால் வெயில் என்று பயணிகள் கை தட்டுவார்கள். அந்தப் பாறையைக் குடைந்ததில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகளுடையது. அவர்கள் பெயரில் ஒரு கல்லுகூட நாங்கள் பார்த்ததில்லை. இன்காவுக்குக் கிப்பு என்றால் தோட்டத்துக்குச் செக்ரோல். எத்தனை பேர், எத்தனை இறாத்தல், அரைப்பேரா முழுப்பேரா என்று எல்லாம் அதில் இருக்கும். கதை மட்டும் இருக்காது.

இன்காக்களின் சாலைவழி 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை ஆனது. எங்களுக்கும் ஒரு வழி உண்டு. தலைமன்னாரில் இறங்கி, மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளைப் பக்கமாக மாத்தளை வரை காட்டுக்குள் நடந்த வழி. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே போனவர்கள் கணக்கில்லை. 2023இல் மலையகம் 200ஐ ஒட்டி, ஜூலை 28இலிருந்து ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்த வழியில் மறுபடி நடந்தார்கள். அதுவும் பை தூக்கிக்கொண்டு போன பயணம்தான். ஆனால் அது சும்மா பார்க்கப் போன பயணமில்லை. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சனம், "நாங்களும் இந்த நாட்டுக்காரர்"ன்னு சொல்லப் போன பயணம்.

ஒரு பெரிய வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. மச்சு பிச்சுவில் இப்போது யாரும் குடியிருக்கவில்லை. டிக்கட் வாங்கிப் பார்க்கலாம். எங்கள் பழைய லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. ஓடு ஒழுகுகிறது, காம்பராவுக்குள் புகை நிற்கிறது, காணி பெயரில் இல்லை. அதைப் 'பழமையின் அழகு' என்று யாராவது படம் எடுத்தால் எங்களுக்குக் கோபம்தான் வரும். லயம் இடிய வேண்டும். அந்த இடத்தில் காணியோடு வீடு வர வேண்டும். ஆனால் இடிக்கிறதுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். அதை எழுத வெளியிலிருந்து ஒரு பிங்கம் வரும்வரை காத்திருக்க முடியாது.

பெரு நாட்டில் 2001இல் ஒரு சட்டம் வந்தது. இன்கா வழியில் பயணிகளின் சாமான்களைச் சுமக்கிற உள்ளூர்க்காரர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது. அதுவரை அவர்கள் சுமந்ததை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்கு ஞாபகம் வந்தது கோவில் கோபுரமோ கோட்டையோ இல்லை. நெற்றியில் கயிறு போட்டு முதுகில் கூடை தொங்க, மலை இறங்கி வருகிற அம்மாமார்தான்.

அந்தப் பெண் திரும்ப வந்தால், இந்த முறை ஹக்கலவுக்குக் கூட்டிப்போவோம். "நீ பார்த்துட்டு வந்த மலையில இருந்துதான் இங்க மரம் வந்துச்சு, எங்க தாத்தாமார்தான் பட்டை உரிச்சாங்க"ன்னு சொல்லுவோம். அதுவரைக்கும் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்தில் ஆக வயசான ஆளிடம் போய் உட்கார்ந்து, அவங்க அம்மா அப்பா பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.