செலவுக் கணக்கில் அறம்: அண்ணாமலை நகரின் வணிக மேலாண்மைக் கல்விக்கு உப்பனாறு தரும் பாடம்

வணிக மேலாண்மைப் பட்டம் தரும் நம் பல்கலைக்கழகங்களில் அறமும் நீடித்த வளர்ச்சியும் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கும் பொருள்கள் அல்ல. ஆனால் அவை பெரும்பாலும் தனித்தாளாகவே வைக்கப்படுகின்றன. செலவுக் கணக்கியல் வகுப்பில் உற்பத்திச் செலவைக் குறைக்கும் வழிகளைக் கற்கும் மாணவர், வணிக அறம் பற்றிய வகுப்பில் சமூகப் பொறுப்பின் வரையறைகளைப் படிக்கிறார். முதல் வகுப்பில் குறைந்த செலவு யார் தலையில் விழுந்தது என்ற கேள்வி இரண்டு தாள்களுக்கும் இடையில் காணாமல் போகிறது. அறக்கல்வி வலுவிழந்து கிடப்பதற்கு மாணவரின் மனப்பாங்கைவிட இந்தப் பிரிவினையே முதன்மைக் காரணம். எனவே அறத்தைச் செலவுக் கணக்கின் உள்ளேயே, ஒரு குறிப்பிட்ட நிலத்தின் சான்றுகளோடு கற்பிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அந்த நிலம் தொலைவில் இல்லை. கடலூர்–சிதம்பரம் சாலையிலேயே இருக்கிறது.

1980-களில் உப்பனாற்றை ஒட்டி உருவான கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பூச்சிக்கொல்லி, மருந்து மூலப்பொருள், சாயம் முதலியவற்றைத் தயாரிக்கும் ஆலைகள் வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி முதலிய ஊர்கள் அவற்றின் அண்டையில் வாழ நேர்ந்தது. 2004-ஆம் ஆண்டளவில் ஊர்மக்களில் சிலர் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நேரத்தில் என்ன நாற்றம் அடித்தது, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று குறித்துவைத்தார்கள். காற்றின் மாதிரியையும் எடுத்தார்கள்: மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், ஊர்க்காற்று குழாய் வழியாகப் பைக்குள் வந்து நிறையும். அந்தப் பை ஆய்வகத்துக்குப் போகும். பின்னர் 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விரிவான மாசுக் குறியீட்டில் கடலூர் 100-க்கு 77.45 பெற்றது, 70-ஐத் தாண்டிய தொழிற்பகுதிகள் மிகக் கடுமையாக மாசுபட்டவை என வகைப்படுத்தப்பட்டன. மேலாண்மைக் கல்விக்கு இதில் ஒரு நேரடியான பாடம் உண்டு. ஊர்மக்கள் எழுதிவைத்த குறிப்புகளும் கணக்கேடுதான். எந்த நிறுவனத்தின் வரவு செலவிலும் ஏறாத ஒரு செலவை அவர்கள் பதிவு செய்தார்கள்.

இந்தச் செலவை நிறுவனச் சமூகப் பொறுப்பு ஈடுகட்டிவிடும் என்ற நம்பிக்கை பாடநூல்களில் பரவலாக உள்ளது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட வரம்பை எட்டிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆண்டுதோறும் ஆகவேண்டிய 1 கோடி ரூபாயை ஒரு நிறுவனம் செலவிடாமல் தவிர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் லாபம் ஆண்டுக்கு 1 கோடி உயரும். சராசரியில் அது முழுமையாகச் சேர்ந்தபின் சமூகப் பொறுப்புச் செலவு 2 லட்சம் கூடும். மீதி 98 லட்சம், வரிக்கு முன், நிறுவனத்திடமே தங்கும். ஆண்டறிக்கையில் பள்ளிக்கு வாங்கித் தந்த மேசை நாற்காலிகளின் படம் வரும். ஆற்றில் கலந்த கழிவு எந்த வரியிலும் வராது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி கொண்டுவந்த வணிகப் பொறுப்பு மற்றும் நீடிப்பு அறிக்கை இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியே. ஆனால் 2022–23 முதல் அது கட்டாயமானது சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்குத்தான். அறத்தைத் தனித்தாளில் மட்டும் படித்தவர் 2 லட்சத்தைப் பாராட்டுவார். 98 லட்சத்தைக் காண்பதற்குக் கணக்கியல் அறிவு வேண்டும்.

கணக்கிலிருந்து அறத்துக்கு வந்த மரபு தமிழகத்துக்குப் புதிதன்று. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா தொழிலால் தணிக்கையாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் படித்தவர். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய சிந்தனை கணக்கைப் புறக்கணித்துப் பிறந்ததன்று. கணக்கில் எது விடுபட்டது என்று கேட்டுப் பிறந்தது. அந்தக் கேள்வியைப் பாடமாக்கும் வசதி 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. வணிக மேலாண்மையோடு வேளாண்மையும் பொறியியலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நீரின் தன்மையை அளப்பவரும் லாபத்தை அளப்பவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தும், ஒருவர் எண்ணை மற்றவர் படிக்காமல் பட்டம் பெறலாம் என்ற நிலை மாறவேண்டும்.

அறத்தைச் செலவாக்கினால் அது விலையாகிவிடாதா என்பது வலுவான மறுப்பு. இழந்த மீன்பாட்டுக்கு ஒரு தொகை குறித்துவிட்டால், பணம் கட்டி ஆற்றைக் கெடுக்கலாம் என்றாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் பணத்தில் அடங்காதவற்றுக்குத் தொகை போடாமல், அடங்காதவை என்றே வெளிப்படையாக எழுதும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். கணக்கில் ஏறாத இழப்பு சுழியம் ஆகாது என்று அறிவதே இப்பயிற்சியின் பாதிப் பயன். மாசைத் தடுப்பது அரசின் வேலை, மேலாளரின் வேலை அன்று என்பது இரண்டாவது மறுப்பு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை 1996-இல் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆயினும் இசைவாணை பெற்ற ஆலை ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரும் சுற்றுச்சூழல் அறிக்கையை நிரப்புவது ஆலைதான். நீர்ப் பயன்பாடு, கழிவின் அளவு என்று அதில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு பட்டதாரி இருக்கிறார். அவர் நேர்மை தவறினால் சட்டத்துக்குக் கண் இருக்காது.

இப்படிப் படித்தவருக்கு யார் வேலை தருவார்கள் என்பது பெற்றோரும் ஆசிரியரும் எழுப்பும் மூன்றாவது மறுப்பு. கடலூர் போன்ற மாவட்டத்தில் அதை லேசாகத் தள்ள முடியாது. விடையைத் திருப்பூர் தருகிறது. அங்கே நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவின் செலவைப் பல ஆண்டுகள் உழவர்கள் சுமந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டபோது, அதே செலவு தொழிலாளரின் வேலையிழப்பாகவும் முதலாளியின் கடனாகவும் திரும்பி வந்தது. வெளியே தள்ளிய செலவு மறைவதில்லை, காலம் தாழ்த்தியே வருகிறது என்பதை முன்கூட்டிக் காணத் தெரிந்த மேலாளர் தொழிலுக்குச் சுமை ஆகமாட்டார்; தொழில் நிலைக்க அவரே வேண்டும்.

கற்பிக்கும் நிறுவனத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நிதி நெருக்கடிக்குப் பின் 2013-இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றை ஆளுகைப் பாடமாக வகுப்பில் வைப்பது பல்கலைக்கழகத்தின் மதிப்பைக் குறைக்காது, கூட்டும். செய்யவேண்டியது தெளிவானது: செலவுக் கணக்கியல் தாளிலேயே ஒரு பருவப் பணியாக, சிப்காட்டின் பொது ஆவணங்களையும் பரங்கிப்பேட்டையின் நீராய்வையும் ஊர்மக்களின் பதிவுகளையும் அருகருகே வைத்து, ஓர் ஆலையின் லாப நட்டக் கணக்கை மாணவர் மறுபடி எழுதவேண்டும். அதற்கு மதிப்பெண் தரப்படும் நாளில் அறம் பாடத்திட்டத்தின் ஓரத்தில் நிற்காது. மேலாண்மைப் பட்டத்தின் தகுதியாகவே அது மாறும்.